நான் கலந்த பச்சை

நீல மையில் எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஓர் இளக்காரம் உண்டு. ஊரே நீலத்தில் எழுதுகிறது. தபால் ஆபீசில் நீலம், ரேஷன் கடையில் நீலம், ஆசைப்பட்டவளுக்குத் திருட்டுத்தனமாகக் கடிதம் எழுதுகிறவனுக்கும் அதே நீலம். அப்புறம் எதற்கு ஆளுக்கொரு கையெழுத்து? கறுப்பு என்றால் சாவுச் செய்தி எழுதுவதற்கு. சிவப்பு வாத்தியார்களுக்கு, பிள்ளைகளின் வயிற்றைக் கலக்குவதற்கு. மிச்சம் இருந்தது பச்சை. அதை யாரும் சீண்டவில்லை என்று நினைத்து நான் எடுத்துக்கொண்டேன். அதற்கு ஏற்கெனவே சொந்தக்காரர்கள் இருந்தார்கள் என்பது கல்யாணமாகி எருமப்பட்டிக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

அப்பா சூரமங்கலத்தில் ரயில்வே கூட்ஸ் ஆபீஸ் குமாஸ்தா. ஜங்ஷனுக்குப் பக்கத்திலேயே குவார்ட்டர்ஸ். நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறியபோது அவர் ஒரு பேனா வாங்கித் தந்தார். கறுப்பு உடம்பு, மஞ்சள் நிப்பு. கழுத்தைத் திருகிக் கழற்றி, ஃபில்லரால் மை விட்டு, மறுபடி திருகினால் ஒரு சொட்டு வழிந்து விரலில் ஒட்டிக்கொள்ளும். சனிக்கிழமை ஒட்டிய மை ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் நன்மை, அதாவது நற்கருணை, வாங்கப் போகும்போதும் விரலில் இருக்கும். அம்மா முழங்கையால் இடிப்பாள். நான் அந்த விரலை மறைத்ததே இல்லை.

கடைவீதியில் ஸ்டேஷனரி சாமான் விற்கிறவர் ஒருவர் இருந்தார். பச்சை மை வேண்டும் என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பச்சையா? அதை யாரும் கேக்கறதில்லையேம்மா" என்று சொல்லி, மேல் தட்டிலிருந்து தூசு தட்டி ஒரு புட்டியை எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து எழுதிப் பார்த்தால் அது கிளிப்பச்சை. எழுதினதைப் பார்த்தால் கண் கூசியது. தெருக்கூத்தில் வேஷம் கட்டினவன் முகம் மாதிரி இருந்தது. அடுத்த மாதம் இன்னொரு புட்டி. அது மயில் கழுத்து நிறம். எழுதும்போது சொக்க வைக்கும், இரண்டு வாரத்தில் மஞ்சளாக வெளுத்துவிடும். மை மாத்திரை என்று ஒன்று விற்றார்கள், வெந்நீரில் கரைத்துக்கொள்ள வேண்டும். அதில் எழுதினால் கீரை வேகவைத்த தண்ணீரில் எழுதின மாதிரி இருந்தது.

எனக்கு என்ன பச்சை வேண்டும் என்று எனக்குத் தெரியும். கருவேப்பிலைக் கொத்தில் அடியில் இருக்கிற முற்றின இலையின் பச்சை. கடையில் அது இல்லை. சரி, நாமே கலந்து பார்ப்போம் என்று இறங்கினேன். முதலில் கிளிப்பச்சையில் அப்பாவின் நீலக் கறுப்பை விட்டேன். பால் திரிகிற மாதிரித் திரிந்துபோய், பேனாவின் நாக்கை அடைத்துக்கொண்டது. ஒரு நாள் முழுக்க வெந்நீரில் ஊறப்போட வேண்டியதாயிற்று. பிறகு நல்ல கறுப்பு மையைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தேன். தீக்குச்சியை முக்கிக் கார்டில் ஒரு கோடு, ஃபேர் நோட்டுத் தாளில் ஒரு கோடு, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு கோடு. உடனே பார்த்துவிடக் கூடாது. ஈரத்தில் எல்லா மையும் அழகுதான். காய்ந்த பிறகுதான் அதன் யோக்கியதை தெரியும். இந்த ஒரு விஷயத்தை, மாப்பிள்ளை பார்க்கிற சமயத்தில் யாராவது எனக்கு ஞாபகப்படுத்தியிருக்கலாம்.

கடைசியில் ஒரு கோடு நான் நினைத்தபடியே காய்ந்தது. அந்தப் பக்குவத்தில் ஒரு புட்டி நிறையக் கலந்து வைத்தேன். அன்று சாப்பாடுகூட இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். அம்மா "பைத்தியமே" என்றாள். அப்பா கோட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ரயில்வேக்காரன் வீட்டுல பச்சை நல்லதுதாம்மா. லைன் கிளியர்னு அர்த்தம்." அதற்குப் பிறகு என் எழுத்து எல்லாமே பச்சைதான். பள்ளிக்கூடத்துத் தோழிகளுக்குக் கடிதம், கோயிலில் பாடுகிற பாட்டுகளின் நகல், அம்மா சொல்லச் சொல்ல எழுதின ஊறுகாய்ப் பக்குவம். தூரத்தில் கிடந்தாலும் இது இவள் எழுத்து என்று தெரியும். ஒரு பெண் பிள்ளைக்குத் தனக்கென்று என்ன இருந்தது அந்தக் காலத்தில்? எலி வளையானாலும் தனி வளை என்பார்கள். எனக்கு அது ஒரு மைப்புட்டி.

ஐம்பதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. சேலத்துக் கத்தோலிக்கக் குடும்பம், மாப்பிள்ளைக்கு ரெவின்யூவில் வேலை. நிச்சயம் ஆன பிறகு அவருக்கு ஒரு கடிதம் எழுதினேன், பச்சையில்தான். பதில் வந்தது. நலம் விசாரித்துவிட்டுக் கடைசி வரியில், "பச்சை மை உனக்கு எங்கிருந்து கிடைத்தது?" என்று கேட்டிருந்தார். நான் அந்த வரியை எத்தனை தடவை படித்தேனோ. மனுஷர் என் மையைக் கவனித்திருக்கிறாரே என்று உருகிப்போனேன். அது ஆசை இல்லை, விசாரணை என்று எனக்கு எப்படித் தெரியும்?

எருமப்பட்டியில் அவர் ரெவின்யூ இன்ஸ்பெக்டர். ஊர்க்காரர்களுக்கு ஆர்.ஐ. ஐயா. குடித்தனம் வைத்த முதல் வாரத்திலேயே என் பெட்டியிலிருந்து புட்டியை எடுத்து மேஜையில் வைத்து, பாம்பைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தார்.

"இது கெஜட்டட் ஆபீசருங்க கையெழுத்துப் போடற மை. தெரியுமா உனக்கு?"

"மைக்குப் பேரு எழுதி வெச்சிருக்காங்களா? சட்டத்துல இருக்குதாங்க?" என்று கேட்டேன்.

"சட்டத்துல இல்ல. வழக்கம்."

"வழக்கம்தானே?"

"வழக்கம் சட்டத்துக்கும் மேல" என்றார். சொன்ன குரலில் பக்தி இருந்தது. அவர் திவ்விய நற்கருணைக்கு முன்னால் முழங்கால் போடுகிறபோதுகூட அந்த பக்தியை நான் பார்த்ததில்லை.

பிறகு ஒரு சமாதானம் ஏற்பட்டது. வீட்டுக்குள் பச்சையில் எழுதிக்கொள்ளலாம். வாசற்படி தாண்டக் கூடாது. அப்பாவுக்குக் கார்டு போட்டால் விஷயத்தைப் பச்சையில் எழுதி, விலாசத்தை மட்டும் நீலத்தில் எழுத வேண்டும். தபால்காரர் முகத்தில் முழிக்க வேண்டுமே! நானும் தலையாட்டினேன். புதுப் பெண்டாட்டி, எதற்கென்று சண்டை போடுவது. அவரும் அந்த மையை வெறுக்கவில்லை என்பதை ஒரு நாள் கண்டுகொண்டேன். நான் கிணற்றடியிலிருந்து வருகிறேன், அவர் என் பேனாவை எடுத்துப் பேப்பர் ஓரத்தில் தன் கையெழுத்தைப் போட்டு, சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். என்னைக் கண்டதும் அந்த ஓரத்தைக் கிழித்துச் சுருட்டி அடுப்பில் போட்டுவிட்டார். பாவமாகத்தான் இருந்தது. பச்சையில் கையெழுத்துப் போடுகிற பதவிக்கு ஒரு நாள் போய்விட வேண்டும் என்பதைத் தவிர அந்த மனுஷருக்கு வேறு கனவே இல்லை.

எங்கள் வீட்டுக்குச் சாணி போடவும் விறகு போடவும் ஒரு அம்மாள் வருவாள். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள், காட்டு வேலைக்குப் போகிற குடும்பம். என்னைச் சாமி என்பாள். அந்தப் பக்கத்தில் பெரியவர்களும் சாமி, தொட்டிலில் கிடக்கிற பிள்ளையும் சாமி. முதலில் எனக்குச் சிலுவை போட்டுக்கொள்ளத் தோன்றும்; பிறகு பழகிவிட்டது. ஜமாபந்தி என்கிற வருஷாந்திரக் கணக்குத் தணிக்கைக்காக என் வீட்டுக்காரர் நாமக்கல்லில் தங்கியிருந்த சமயம். அந்த அம்மாள் விறகைப் போட்டுவிட்டுப் போகாமல் நின்றாள்.

"ஏனுங்க சாமி, ஒரு காயிதம் எழுதிக் குடுக்கோணுமுங்க."

"என்ன காயிதம்?"

"இட்டேரியப் பண்ணாடி முள்ளுப் போட்டு அடச்சுப்புட்டாருங்க. தண்ணிக்கு ஏரி மேட்டச் சுத்திப் போயிட்டு வாரோமுங்க. எங்க வளவுப் பொம்பளைங்களுக்கு இடுப்பு உட்டுப் போச்சுங்க. மணியகாரர்கிட்டப் போயி வாயில சொன்னா, காயிதத்துல எழுதிக் கொண்டாங்கறாரு."

இட்டேரி என்பது இரண்டு பக்கமும் கிளுவை வேலி வைத்து நடுவில் விட்டிருக்கிற தடம். அவர்கள் குடியிருப்பிலிருந்து பொதுக்கிணற்றுக்குப் போக அது ஒன்றுதான் குறுக்கு வழி. பண்ணாடி, அதாவது அவர்கள் வேலை செய்கிற காட்டுக்கு, நிலத்துக்குச் சொந்தக்காரர், தடத்தையும் உழுது கடலை போட்டுவிடலாம் என்று இரண்டு முனையிலும் முள்ளைக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார். கேட்கும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உட்கார்ந்து எழுதினேன். பேனாவில் என்ன மை இருந்ததோ அதில் எழுதினேன்; எழுதும்போது மையைப் பற்றி நினைக்கவே இல்லை. மனு என்றால் எப்படி ஆரம்பிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஐயா அவர்களின் மேலான சமூகத்துக்கு, ஏழையேன் தாழ்மையுடன், காலில் விழுந்து, இப்படி அரைப்பக்கம் கும்பிட்ட பிறகுதான் விஷயத்துக்கு வரவேண்டும். எனக்கு அது பிடிக்காது. கேட்பதில் நியாயம் இருக்கிறபோது எதற்கு இத்தனை கும்பிடு? இன்ன இடத்து இட்டேரியில் முள் போட்டு அடைத்திருக்கிறது, பெண்கள் தண்ணீருக்குச் சுற்றிப் போகிறார்கள், முள்ளை உடனே எடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான் எழுதினேன். கீழே அவள் கைநாட்டு வைக்க இடம் விட்டேன். மைப் பெட்டி என் வீட்டுக்காரரின் பூட்டிய பெட்டிக்குள் இருந்தது. "அங்க போயி வெச்சுக்கறேனுங்க" என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலையில் அவள் வந்த வேகத்தில் வாசலில் வைத்த சாணிக் கூடை உருண்டது.

"முள்ள எடுத்துட்டாங்க சாமி! நேத்துப் பொழுதோடவே தலையாரி ஆளக் கூட்டியாந்து எடுத்துப் போட்டாச்சுங்க. காயிதத்தப் பாத்ததுமே மணியகாரரு எந்திரிச்சு நின்னுட்டாருங்க. எனக்கில்லீங்க, காயிதத்துக்கு!"

"கைநாட்டு வெச்சியா?"

"அதெல்லாம் கேக்கவே இல்லீங்க. 'செரி, போ'ன்னு மடிச்சு வெச்சுக்கிட்டாருங்க."

நானும் சிரித்தேன். ஊர் அதிகாரியான மணியகாரர் நியாயஸ்தர் என்று நினைத்தேன். அவர் பார்த்ததோ ஆர்.ஐ. வீட்டிலிருந்து வந்த தாள். கும்பிடு இல்லை, கெஞ்சல் இல்லை, செய்ய வேண்டும் என்று மட்டும் எழுதியிருக்கிறது. கையெழுத்து இல்லாவிட்டால் என்ன, பச்சை மை இருக்கிறதே! யாரோ மேலதிகாரி ஜமாபந்தி அவசரத்தில் குறிப்பு எழுதி ஆர்.ஐ. வழியாக அனுப்பிவிட்டார் என்று அவர் முடிவு கட்டிவிட்டார் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. ஏன் என்று கேட்டால் வேலை போகும், செய்துவிட்டால் தலை தப்பும். அதுதான் அங்கே முறை. கும்பிட்டு எழுதியிருந்தால் அந்த மனு அவர் வீட்டுப் பரணில் கிடந்து மக்கியிருக்கும்.

அவர் அதோடு விட்டிருக்கலாம். முறை தெரிந்த மனுஷர் ஆயிற்றே, 'உத்தரவுப்படி முள் அகற்றப்பட்டது' என்று தாலுகா ஆபீசுக்கு ஒரு அறிக்கையும் அனுப்பிவைத்தார். அங்கே யார் உத்தரவு என்று தேடினார்கள். யாரும் போடவில்லை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதைதான். தாளை வரவழைத்தார்கள். பச்சையில் எழுதியிருக்கிறது, பெண்பிள்ளை எழுத்து.

என் வீட்டுக்காரர் நாமக்கல்லிலிருந்து வந்து இறங்கியபோது முகத்தில் ரத்தமே இல்லை. கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. நேரே போய்ப் புட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் சாம்பல் குழிக்குப் போனார். தலைகீழாகக் கவிழ்த்தார். கடைசிச் சொட்டு விழுகிற வரைக்கும் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே வந்து மேஜையில் ஒரு வெள்ளைத் தாளையும் தன் நீல மைப் பேனாவையும் வைத்தார்.

"உக்காரு. நான் சொல்றத எழுது."

"நான் என்னங்க தப்பு பண்ணினேன்? வழியை அடைச்சிருக்காங்கன்னுதானே எழுதினேன்?"

"எழுதுன்னா எழுது."

எழுதினேன். 'எனக்குப் படிப்பறிவு குறைவு. ஆபீஸ் நடைமுறை எதுவும் தெரியாது. வீட்டில் கிடந்த மையை இன்னதென்று அறியாமல் உபயோகித்துவிட்டேன். என் கணவருக்கு இதில் சம்பந்தமில்லை.' அவர் மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னார். நான் ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் எனக்குப் படிப்பறிவு குறைவு என்று எழுதினேன். இன்னதென்று அறியாமல்! கோடு கோடாகப் போட்டுக் காயவைத்துப் பார்த்துக் கலந்த மையை! அந்த இடத்தில் என் கை நின்றது. "ம்" என்றார். எழுதி முடித்துக் கையெழுத்தும் போட்டேன். அன்றைக்கு எனக்கு அவர்மேல் வந்த வெறுப்பு பிறகு குறைந்திருக்கிறது, கூடியிருக்கிறது, போனதில்லை.

அவர் பெயர் மேலே போகிற வரிசையிலிருந்து கீழே தள்ளப்பட்டது. இட்டேரியில் மறுபடி முள் விழுந்தது. இந்தத் தடவை ஆள் உயரத்துக்கு. முள்ளை எடுக்கப் போனவர்களுக்கு அந்தக் காட்டில் வேலை இல்லை என்றும் ஆகிவிட்டது. அந்த அம்மாள் என்னிடம் கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் வழக்கம்போல வந்து விறகைப் போட்டுவிட்டு, என் வீட்டுக்காரர் வெளியே போகிற வரைக்கும் காத்திருந்து, கிட்டே வந்து மெதுவாகக் கேட்டாள்.

"அந்த மையில மறுக்கா ஒண்ணு எழுதிக் குடுங்க சாமி. நாங்க நோட்டம் பாத்துக் கொண்டுபோயிக் குடுத்துக்கறோமுங்க."

"மை இல்லைம்மா. கொட்டியாச்சு."

"கொட்டிட்டீங்களா!" என்றாள். அவள் தண்ணீர்க் குடம் உடைந்தால்கூட அப்படிப் பதறியிருக்க மாட்டாள். அந்த வருஷமே எங்களுக்கு மாற்றல் வந்துவிட்டது.

பிறகு ஆத்தூர், திருச்செங்கோடு, மறுபடி சேலம் என்று சுற்றினோம். எந்த ஊருக்குப் போனாலும் நீலம்தான். நீலத்தில் எழுதினால் என் எழுத்து எனக்கே அந்நியமாக இருக்கும். கடிதங்கள் சுருங்கிப்போயின. நாங்கள் சௌக்கியம், அங்கு சௌக்கியமா, மழை உண்டா. அப்பா ஒரு கார்டில் கேட்டிருந்தார், "ஏம்மா, உன் பச்சை எங்கே?" தீர்ந்துபோய்விட்டது அப்பா, இங்கே கிடைக்கவில்லை என்று எழுதினேன். பொய்தான். சேலத்தில் அம்மாபேட்டையில் குடியிருந்தபோது முக்குக் கடையிலேயே பச்சை மை கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அந்தக் கடையைத் தாண்டும்போது நான் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு போவேன். வீட்டில் சோறு குழைந்தாலும் சரி, பஸ் தவறினாலும் சரி, சண்டை கடைசியில் வந்து நிற்கிற இடம் ஒன்றுதான். "உன் பச்சை மையாலதான் நான் இப்படிக் கெடக்கறேன்" என்பார். அவருக்குப் பின்னால் வேலைக்கு வந்தவர்கள் எல்லாரும் அவரைத் தாண்டிப் போனார்கள். ஒவ்வொருவர் போகும்போதும் எனக்கு ஒரு வசவு உண்டு.

அறுபதுகளின் கடைசியில் அவருக்கும் வேளை வந்தது. யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வராதா? பதவியின் பெயர் எதற்கு. பச்சையில் கையெழுத்துப் போடுகிற பதவி. அதுவும் நாமக்கல்லிலேயே, எருமப்பட்டியும் அதற்குள் அடக்கம். அன்று சாயங்காலம் அவர் நரைத்த தலையோடு சிரித்துக்கொண்டு வந்தார். கையில் மூன்று கடைகளில் வாங்கின மூன்று பச்சை மைப் புட்டிகள். நான் சந்தோஷப்பட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். இத்தனை வருஷத்து வசவு இன்றோடு தீர்ந்தது என்ற சந்தோஷம்.

ராத்திரிச் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. அவர் ஒவ்வொரு புட்டியாகத் திறந்து கையெழுத்துப் போட்டுப் போட்டுப் பார்த்தார். முகம் சுண்டிக்கொண்டே வந்தது.

"இதென்ன, கிளிப்பச்சையா இருக்கு? இதுல போட்டா எவன் மதிப்பான்?" இன்னும் ஒன்றைப் பார்த்தார். "இது தண்ணி." பேனாவைக் கீழே வைத்தார். என் பக்கம் திரும்பாமலே கேட்டார். "அப்ப நீ ஒண்ணு கலப்பியே. அது எப்படி?"

பத்துப் பன்னிரண்டு வருஷம் வசவுக்குத் தவிர அந்த மையின் பேச்சையே எடுக்காத வாய். அதன் நிறத்தை மறந்திருக்கவே இல்லை மனுஷர். நான் சொல்லியிருக்கலாம், மறந்துபோச்சு என்று. ஆனால் புட்டிகளைப் பார்த்ததும் கை பரபரத்தது; இப்போதும் அதை நினைத்தால் என் கைமேல் எனக்கு எரிச்சல் வருகிறது. கறுப்பு மை வாங்கி வரச் சொன்னேன். தீக்குச்சியால் கோடு போட்டேன். காயவிட்டேன். இரண்டு நாளில் பக்குவம் வந்துவிட்டது. கருவேப்பிலையின் அடி இலை. ஒரு புட்டி நிறையக் கலந்து அவர் மேஜையில் வைத்தேன்.

ஆபீசில் எல்லாரும் சொன்னார்களாம், ஐயா கையெழுத்துக்கே ஒரு தனி களை என்று. அவர் மகிழ்ந்துபோய் வந்து சொன்னார். மை யார் கலந்தது என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவரும் சொல்லியிருக்க மாட்டார். அந்த மகிழ்ச்சியான வேளை பார்த்து, என் பழைய பேனாவை எடுத்துக்கொண்டு போனேன்.

"இனிமேல் நானும் இதுல எழுதிக்கலாமில்லைங்க? அப்பாவுக்கு ஒரு கடுதாசி."

அவர் திடுக்கிட்டுப் பார்த்தார். "இப்பத்தான் கூடவே கூடாது. அப்பவாவது நான் சின்ன வேலைக்காரன். இப்ப உன் எழுத்து பச்சையில வெளிய போனா, ஐயாவுக்குப் பதிலா வீட்டுக்கார அம்மாவே உத்தரவு போடுதுன்னு சொல்ல மாட்டாங்களா?" புட்டியை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். தீர்ந்தால் பெட்டி திறக்கும், நான் கலப்பேன், மறுபடி பூட்டிக்கொள்ளும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். எங்கள் வீட்டில் சாமியும் அவரே, பூசாரியும் அவரே. எனக்கு மை அரைக்கிற வேலை.

அந்த வருஷம் கடலை பிடுங்கி முடிந்த சமயத்தில் ஒரு மத்தியானம் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் எருமப்பட்டி அம்மாள். உடம்பு பாதியாகியிருந்தது. கூந்தல் முழுக்க வெள்ளை. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. தண்ணீர் கொடுத்தேன். செம்பை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"நம்ம ஐயாவே பெரிய ஆபீசரா வந்துட்டாருன்னு சொன்னாங்க சாமி. அதானுங்க, தகிரியமா மறுக்கா மனுக் குடுத்தமுங்க. இட்டேரி இன்னும் அடச்சேதான் கெடக்குதுங்க."

"என்கிட்ட வந்திருக்கலாமே, எழுதியிருப்பேனே" என்று வாய் சொல்லிவிட்டது. எதில் எழுதியிருப்பேன்?

"உங்களுக்கு எதுக்குங்க மறுபடியும் தொந்தரவு. தாலுகா ஆபீசு வாசல்ல உக்காந்து எழுதறவருகிட்ட எழுதிக்கிட்டமுங்க." சேலைத் தலைப்பில் முடிந்திருந்ததை அவிழ்த்து, நாலாக மடித்த தாளை எடுத்தாள். "பதுலு வந்திருச்சுங்க. தலையாரி வாங்கிப் படிக்கறேன்னான். நாந்தான் குடுக்கல. உங்க வாயால கேக்கோணுமின்னு பஸ்ஸேறி வாரேன்." விரித்து, விரலை மூலையில் வைத்துக் காட்டினாள். சிரிப்பு அடங்கவில்லை அவளுக்கு. "பாருங்க சாமி. பச்சையில வந்திருக்குது! அப்ப தடத்த உட்டுட்டாங்கதானுங்க?"

மனு முழுக்க நீலத்தில் இருந்தது. மேலான சமூகம், தாழ்மை, காலில் விழுதல், எல்லாம் வரிசையாக இருந்தன. இடது ஓரத்தில் இரண்டே வரி. 'பட்டா நிலம். பொதுப்பாதை என்பதற்கு ஆதாரமில்லை. தள்ளுபடி.' கீழே கையெழுத்து. எந்த இட்டேரி என்று அவருக்குத் தெரிந்தே இருக்கும். கணக்கைப் புரட்டிப் பார்த்து எழுதினாரா, பழைய நாமக்கல் அவமானத்தை நினைத்துக்கொண்டு எழுதினாரா, எனக்குத் தெரியாது. முதல்நாள் சாயங்காலம் இதே வீட்டில் உட்கார்ந்து காபி குடித்தார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. மை மட்டும் நன்றாகக் காய்ந்து, தாளில் ஊறாமல், நான் நினைத்த நிறத்தில் இருந்தது.

"படியுங்க சாமி."

படித்தேன்.

"தள்ளுபடின்னா என்னுங்க?"

"முடியாதுன்னு எழுதியிருக்கும்மா. தடம் இல்லைன்னு."

அவள் நம்பவில்லை. தாளை என்னிடமிருந்து வாங்கி வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்த இரண்டு வரியையும் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். பிறகு, என்னைச் சமாதானம் செய்கிற மாதிரிக் கேட்டாள்.

"இது நீங்க அப்ப எழுதுன அந்தப் பச்சை இல்லீங்களா சாமி? இது வேறீங்களா?"

"அதே பச்சைதான்" என்றேன். "நான்தான் கலந்து கொடுத்தேன்."